மலிவு முக்காலியும் ஒரு பை கறுப்பு மணலும்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்துப் பிள்ளைகளின் வாட்சப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "அந்தோனி அண்ணை, அறுநூறு எம்எம் லென்ஸுக்கு விலை குறைஞ்ச, நல்ல ட்ரைபொட் ஒண்டு சொல்லுங்கோ. தலையும் சேர்த்து." விலை குறைந்ததாம், நல்லதாம், இரண்டும் ஒரே வசனத்தில்! வாசித்த உடனே எனக்கு விசர் வந்தது. பிறகு, இதே வசனத்தை நானே எத்தனை கடைகளில் கேட்டிருக்கிறேன் என்று நினைவு வர, கோபம் இறங்கிவிட்டது.

இப்போது ட்ரோன் இருக்கிறதே, இன்னும் எதற்கு முக்காலி என்று வெளியாட்கள் கேட்பார்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்குள் ட்ரோன் பறக்கவிட அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு பக்கம் கடற்படை, ஒரு பக்கம் விமானத் தளம். ஆகவே எங்கள் தொழிலில் இன்றைக்கும் நீள லென்ஸும் மூன்று காலும்தான்.

பிள்ளைகளுக்கு நாலு வரியில் பதில் போட்டேன். நடுத்தண்டு இல்லாத முக்காலி வாங்குங்கோ. கால்கள் தடிப்பாக இருக்கட்டும், மூன்று துண்டுக்கு மேல் மடியக் கூடாது. எவ்வளவு கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதேங்கோ. பாரம் கட்டினால் அது நிலத்தில் இருக்க வேணும், தொங்கக் கூடாது. எல்லாரும் கும்பிடு கை போட்டார்கள். கடைசி வரி ஏன் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிசாமின் கதையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். கேளாமல் விட்டதால் இரண்டு நாள் எனக்கு நித்திரை வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தொழிலை முதலில் சொல்ல வேண்டும். நான் பழகியது திருகோணமலை டவுனில் ஒரு ஸ்ரூடியோவில். கடவுச்சீட்டுப் படம், கலியாணம், சாமத்தியவீடு, முதல் நன்மை, செத்தவீடு எல்லாம் எடுத்தேன். பிறகு கப்பல் சரக்கு அளக்கும் ஒரு கொம்பனிக்கு, சேதமான சாமான்களைப் படம் எடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. "நனைந்த மா மூட்டை அழாது, கண்ணை மூடாது, படம் சரியில்லை எண்டு சண்டைக்கு வராது" என்று சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்தவன்தான், பத்தொன்பது வருடம் இருந்துவிட்டேன்.

அங்கே எனக்கு மேலே செல்வராசா சேர். முன்பு கப்பலில் அதிகாரியாக இருந்து உலகம் சுற்றியவர், பிறகு அளவையாளராகக் கரையில் ஒதுங்கியவர். கத்த மாட்டார். எவருக்கும் "நீங்கள்"தான், தேநீர் கொண்டுவருகிற பெடியனுக்கும் அதேதான். கத்தாத மனிதரோடு வேலை செய்வது எவ்வளவு பயம் என்று அவரிடம்தான் அறிந்தேன். நான் எந்த அளவை கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஒரே கேள்வி: "எப்பிடித் தெரியும்?"

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. நான் முக்காலியை நட்டு, கமெராவைப் பூட்டி, தூரத்தில் உள்ள கப்பலைத் திரையில் பெரிதாக்கி வைத்துவிட்டு "சரி சேர்" என்பேன். அவர் திரையைப் பார்க்கமாட்டார். சுட்டுவிரலால் முக்காலியின் காலில் மெல்ல ஒரு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகுதான் திரையைப் பார்த்து வாய்க்குள் எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று. படம் நடுங்கி அடங்கும் வரைக்கும் எண்ணுவார். நாலுக்குள் அடங்கினால் ஒரு தலையாட்டல். ஆறு ஏழு என்று போனால், "அந்தோனி, திரும்ப நடுங்கோ." அவ்வளவுதான் கதை.

இதெல்லாம் எதற்கு என்றால், கப்பலின் பக்கத்தில் மேலிருந்து கீழாக எண்கள் எழுதியிருக்கும். தண்ணீர் எந்த எண்ணில் தொடுகிறது என்று பார்த்தால் கப்பல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று தெரியும். எவ்வளவு தாழ்ந்தது என்று தெரிந்தால் எவ்வளவு சரக்கு ஏறியது என்று கணக்குப் பார்க்கலாம். முன்னுக்கு, நடுவில், பின்னுக்கு, இரண்டு பக்கமும் என்று ஆறு இடத்தில் வாசிக்க வேண்டும். கப்பல் கட்டியிருக்கிற ஜெற்றிப் பக்கம் சுகம், குனிந்து பார்த்தால் போதும். கடல் பக்கத்துக்கு வள்ளத்தில் போக வேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் பகலில் வள்ளம் குதிக்கிற குதிப்பில் எண்ணையும் பார்க்க ஏலாது, வயிற்றில் உள்ளதையும் காப்பாற்ற ஏலாது. அதனால் அந்த மாதங்களில் நான் எதிர்க்கரைப் பாறையில் முக்காலியை நட்டு, நீள லென்ஸால் வரிசையாக நாற்பது ஐம்பது படம் எடுப்பேன். அலை ஏறும்போதும் இறங்கும்போதும் தண்ணீர் எங்கே தொடுகிறது என்று பார்த்து நடுவை எடுப்பது முறை.

லென்ஸைக் கொம்பனி வாங்கித் தந்தது. பெரிய காசு. அதோடு கை இறுகிவிட்டது. முக்காலிக்கு மிஞ்சியது சில்லறை. "மூண்டு கம்பிக்கு ஏன் இவ்வளவு காசு?" என்று கணக்குப் பகுதியில் கேட்டார்கள். நான் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு மெல்லிய அலுமினிய முக்காலி வாங்கினேன். கால் ஐந்து துண்டாக மடியும், நடுத்தண்டு மேலே எழும்பும், பார்க்க வடிவு. பெட்டியில் பத்துக் கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. தாங்கியது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் தாங்குவது ஒன்று, அசையாமல் வைத்திருப்பது இன்னொன்று. அடித்துண்டு என் சின்னவிரல் பருமன்தான் இருந்தது.

அதோடு வந்த தலை குண்டுத் தலை. ஒரு உருண்டையை எப்பக்கமும் திருப்பி, ஒரு திருகால் இறுக்குகிற சாதி. குடும்பப் படத்துக்கு அருமை. நீள லென்ஸை வைத்து இறுக்கிக் கையை எடுத்தால், லென்ஸின் மூக்கு மெல்ல ஒரு சொட்டு இறங்கும். அறுநூறு எம்எம்மில் அந்த ஒரு சொட்டு, கப்பலில் ஒரு முழம். நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். கொஞ்சம் மேலே குறி வைத்து இறுக்கினால், இறங்கி வந்து சரியான இடத்தில் நிற்கும். செல்வராசா சேர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கள்ளத் தராசுக்குத் தக்கபடி சாமானை வெட்டுறீங்கள்." எனக்கு ரோசம் வந்தது. ஆனாலும் அந்தத் தலையைத்தான் இரண்டு வருடம் வைத்திருந்தேன்.

காற்றுக்கு முக்காலி நடுங்காமல் இருக்க நடுத்தண்டின் அடியில் ஒரு கொளுக்கி இருக்கும், அதில் பாரம் தொங்கவிடு என்று எல்லாரும் சொல்வார்கள். மற்றவர்கள் கல்லைக் கட்டுவார்கள், தண்ணீர்ப் போத்தல் கட்டுவார்கள். நான் திருகோணமலைக்காரன் அல்லவா? புல்மோட்டையிலிருந்து லொறியில் வந்து கப்பலில் ஏறுகிற கறுப்புக் கனிம மணல் இருக்கிறதே, பார்க்க ஒரு சுண்டு அளவு, தூக்கினால் நாலு சுண்டுப் பாரம். ஜெற்றியில் கூட்டித் தள்ளிய மணலில் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். என் மனைவி ரீற்றா ஒரு பழைய டெனிம் காற்சட்டையின் காலை வெட்டிப் பை தைத்துத் தந்தாள். "உங்கட மூண்டுகால் பிள்ளைக்கு நான் உடுப்பும் தைக்க வேணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இரட்டைத் தையல் போட்டாள். அந்தப் பையைக் கண்டவன் எல்லாம் "அட!" என்றான். நான் அதற்குக் காப்புரிமை எடுத்தவன் மாதிரித் திரிந்தேன்.

செல்வராசா சேரின் விரல் அந்தப் பையோடும் முக்காலியைத் தட்டிப் பார்த்தது. மூன்றில் அடங்கியது. தலையாட்டினார். அதற்கு மேல் எனக்கு யார் என்ன சொல்வது!

இனி அந்தக் கப்பல். சின்னக் கப்பல்தான், கறுப்பு மணல் ஏற்றியது. லொறி ஒவ்வொன்றும் ஜெற்றிக்கு வரும் வழியில் நிறுவைத் தராசில் ஏறி நிறுத்துப் போகும். அந்தத் தராசில் இருந்தவர் தோப்பூர் நிசாம். அப்போது நாற்பது வயதுக்காரர், ஒல்லி, எப்போதும் ஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு. ஒப்பந்தத்தில் வேலை. கண்டால் "அண்ணன், சுகமா?" என்று கேட்கிற அளவுதான் எங்கள் பழக்கம்.

ஏற்றி முடிந்த பின்னேரம் கச்சான் பேயாக அடித்தது. வள்ளம் விட ஏலாது. செல்வராசா சேர் ஜெற்றிப் பக்கம் வாசிக்க, நான் மட்டும் எதிர்க்கரைக்குப் போனேன். வழக்கமாக நான் நிற்பது தண்ணீரோரமாகத் தட்டையான ஒரு பாறையில். அன்றைக்கு அதற்கு இறங்கவில்லை. பாறை எல்லாம் பாசி, என் காலில் புதுச் சப்பாத்து. உள்ளதைச் சொல்கிறேன், அந்தச் சப்பாத்து நனையக்கூடாது என்றுதான் மேலே வீதியோர மதிலுக்குப் பின்னால் முக்காலியை நட்டேன். மதில் மறைத்தது. ஆகவே நடுத்தண்டை முழுதாக மேலே இழுத்தேன். மணல் பையைக் கொளுவினேன். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஐம்பது படம் எடுத்தேன், கமெராவின் சின்னத் திரையில் பார்த்தேன், கப்பலின் நடுப்பகுதியில் "6" முழுதாகத் தண்ணீருக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்தது. ஆறின் அடியில் தண்ணீர். போனில் சேருக்குச் சொன்னேன்.

"எப்பிடித் தெரியும்?"

"ஐம்பது படம் இருக்கு சேர். ஆறு முழுசாத் தெரியுது."

"விரலால தட்டிப் பாத்தனீங்களா?"

"ஓம் சேர்" என்றேன். பாரம் இருக்கிறதே, எதற்குத் தட்டிப் பார்ப்பது என்று விட்டுவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் அவருக்கு நான் சொன்ன பச்சைப் பொய் அது ஒன்றுதான்.

கணக்குப் பார்த்தபோது கப்பலில் உள்ள மணல், தராசுக் கணக்கை விட இரண்டு லொறி குறைவாக இருந்தது. இரண்டு லொறி மணல் எங்கே? மணல்காரர் கத்தினார், கப்பல்காரர் கத்தினார், எல்லாரும் சேர்ந்து தராசைப் பார்த்தார்கள். வராத லொறியை வந்ததாக நிசாம் எழுதியிருக்கிறார் என்று கதை கிளம்பியது. "தோப்பூரில வீடு கட்டுறாராம், தெரியாதோ?" என்று ஒருத்தர். அந்த வீடு இரண்டு வருடமாகக் கூரை இல்லாமல் நிற்கிறது என்று அந்த ஒருத்தருக்குத் தெரியாது. அடுத்த நாள் காலையிலேயே நிசாமை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். கப்பல் அதற்கு மறுநாள் மத்தியானம் புறப்பட இருந்தது. அது போய்விட்டால் திரும்ப அளக்க வழியில்லை. எங்கள் கொம்பனியின் அறிக்கைதான் கடைசிச் சொல், நிசாம் கள்ளன்தான்.

நிறுத்திய அன்றைக்கே, பின்னேரம் நாலு மணிபோல, நிசாம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். செல்வராசா சேர் வெளியே போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணன், குறை நினைக்க வாணாம். நீங்க எடுத்த படத்தை ஒருக்காப் பாக்கலாமா?"

"ஏன் நிசாம், படத்தில பிழை எண்டு நினைக்கிறீங்களா?"

"சே, இல்ல அண்ணன்! உங்கட படம் சரியாத்தான் இருக்கும், எல்லாருக்கும் தெரியும். நான் லொறி ஒண்டும் கூட எழுதல்ல, அல்லாஹ்வுக்குத் தெரியும். அப்ப பிழை என்ட தராசிலதான் இருக்கணும். எவ்வளவு பிழை எண்டு தெரிஞ்சா, எங்க தேடுற எண்டு தெரியும். அதுக்குத்தான்."

அந்த மனிதன் என்னில் குற்றம் தேட வரவில்லை. என் படத்தை நம்பி, தன் தராசில் குற்றம் தேட வந்திருந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கணினியில் படத்தைத் திறந்து, சின்னப்பிள்ளைக்குக் காட்டுவதுபோலக் காட்டினேன். "இந்தா, இதுதான் ஆறு. இந்தா, இது தண்ணி. முழு ஆறும் வெளியில. விளங்குதா?" நன்றாகத் தெரியட்டும் என்று இன்னும் பெரிதாக்கினேன். பெரிதாக்கி, படத்தை மேலே நகர்த்தினேன். எண்களுக்குப் பக்கத்தில் கப்பலின் இரும்பில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருக்கும், இதற்கு மேல் தாழக் கூடாது என்ற அடையாளம். தண்ணீருக்கு மேலே, காய்ந்த இரும்பில் இருக்கிற கோடு அது.

அந்தக் கோடு இரண்டாகத் தெரிந்தது.

மேலே ஒன்று, கீழே மங்கலாக இன்னொன்று. அடுத்த படத்தைத் தட்டினேன். அதிலும் இரண்டு. அதற்கடுத்ததிலும் அப்படியே. தண்ணீர் அசைந்து கலங்கியிருக்கிறது என்று நினைத்தேனே தவிர, கமெராவே மேலும் கீழும் அசைந்திருக்கிறது என்று நினைக்கவில்லை. ஆறின் வெள்ளைப் பூச்சு கீழே இழுபட்டு, பாதி ஆறு முழு ஆறாகத் தெரிந்திருக்கிறது. மற்றப் பாதி தண்ணீருக்குள். அந்தப் பாதி ஆறுதான் இரண்டு லொறி மணல்.

எனக்கு வேர்த்துவிட்டது. கை மவுஸில் அப்படியே நின்றது.

"இதுதானே அண்ணன் தண்ணிக் கோடு?" என்று நிசாம் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"தெளிவாத்தான் இருக்கு. அப்ப சரி. தராசுக்குக் கீழ குழியில கல்லுக் கில்லு சிக்கியிருக்கும். என்னை உள்ளுக்கு விடமாட்டாங்க, ஆரையும் பிடிச்சுப் பாக்கச் சொல்றன். பெரிய உபகாரம் அண்ணன்."

எழும்பினார். கதிரையை இருந்த இடத்தில் திருப்பி வைத்தார். போய்விட்டார். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் எனக்கு எழுதக் கை கூசுகிற இடம் இதுதான். தெரியாமல் செய்த பிழையை எவரும் மன்னிப்பார்கள். தெரிந்த பிறகு, ஒரு மனிதன் என் முன்னால் கும்பிடாத குறையாக நின்று நன்றி சொல்லிப் போகும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அது என்ன பிறவி? அந்தோனி எடுத்த படம் திரும்பி வந்ததே இல்லை என்ற பேர் போய்விடும். சேரிடம் சொன்ன பொய்யும் வெளியே வரும். அவ்வளவுதான் என் கணக்கு. அந்தக் கணக்கில் நிசாமின் கூரை இல்லாத வீடு வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். ரீற்றா சோறு போட்டாள். நான் பிசைந்துகொண்டிருந்தேன், வாயில் வைக்கவில்லை.

"என்னப்பா, குழம்பில புளி கூடிப்போச்சோ?"

சொல்லிவிட்டேன். அவள் குசினி வாசலில் நின்றபடி கேட்டாள். பிறகு வந்து என் சோற்றுக் கோப்பையை இழுத்து மூடினாள்.

"அந்த மனிசன் தன்ர தராசுக்குள்ள தலையை விட்டுப் பிழை தேடுது. நீங்கள் இஞ்ச இருந்து மீன் முள்ளுத் தேடுறீங்கள். எழும்புங்கோ. சேரிட்டப் போயிட்டு வந்து சாப்பிடலாம்."

செல்வராசா சேரின் வீடு உவர்மலையில். மடிக்கணினியையும் முக்காலியையும் மணல் பையையும் தூக்கிக்கொண்டு போனேன். அவர் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவி வந்து, கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பார்த்தார். நான் எதையும் சொல்லாமலே வட்டத்துக்கு நகர்த்தினார். அந்த மனிதருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

"தண்ணி ஆடும், சரி. இரும்பு ஏன் ஆடுது, அந்தோனி?"

"காத்து, சேர்."

"காத்து உங்கட பையையும் மீறி ஆட்டினதோ? நேற்று எப்பிடி வைச்சனீங்களோ அப்பிடியே வையுங்கோ பாப்பம்."

அவரின் விறாந்தையில் முக்காலியை நட்டேன். நடுத்தண்டை மேலே இழுத்து, பையைக் கொளுவினேன். அவர் விரலால் தட்டினார். எண்ணினார். ஐந்து, ஆறு, ஏழு. பை ஊஞ்சல் ஆடியது. அது முன்னுக்குப் போகும்போது லென்ஸின் மூக்கு இறங்கியது, பின்னுக்குப் போகும்போது ஏறியது. பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்தினார். முக்காலியை நிறுத்த நான் கட்டிய பாரம்தான் முக்காலியை ஆட்டியிருக்கிறது! குனிந்து நடுத்தண்டை இறக்கினார். பை நிலத்தில் குந்தியது. திரும்பத் தட்டினார். மூன்றில் நின்றது.

அதுவரை பாறையில் நட்டபோதெல்லாம் நான் நடுத்தண்டை உயர்த்தியதே இல்லை. பை நிலத்தில் குந்தியே இருந்திருக்கிறது. நான் அதைக் கவனித்ததும் இல்லை. நிலம் செய்த வேலைக்கு நான் பேர் வாங்கியிருக்கிறேன்.

"சேர், நேற்றுத் தட்டிப் பாத்தனான் எண்டு சொன்னது பொய்" என்றேன்.

"இப்ப எண்ணேக்க விளங்கினது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு விடிய, காத்து எழும்ப முந்தி. வள்ளத்துக்கும் சொல்லுறன். அந்தோனி, நீங்கள் பாறைக்கு இறங்கவேணும்."

விடியற்காலை கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடந்தது. நான் சப்பாத்தைக் கழற்றி மதிலில் வைத்துவிட்டுப் பாசியில் இறங்கினேன். கால்களை அகல விரித்து, முக்காலியை என் இடுப்பளவுக்கு வைத்தேன். முழங்காலில் நின்றேன். பையை நிலத்தில் வைத்தேன். தட்டி எண்ணினேன். சேர் வள்ளத்தில் போய்க் கண்ணால் வாசித்தார். அவர் போனில் சொல்லும் முன்னமே நான் சொன்னேன், "ஆறில பாதி சேர்." "ஆறில பாதி" என்றார் அவரும். இரண்டு லொறி மணலும் கப்பலுக்குள்ளேயே இருந்தது.

கப்பல் புறப்பட முன்னம் திருத்தின அறிக்கை போனது. அதோடு ஒரு கடிதம். "எங்கள் கமெராவின் முக்காலி அசைந்ததால் முதல் வாசிப்புப் பிழையானது. தராசில் பிழை இல்லை." அவ்வளவுதான் இருந்தது.

"சேர், என்ர பிழை எண்டு எழுதுங்கோ" என்றேன்.

"கடிதம் கொம்பனியில இருந்து போகுது. அதில ஆள் பேர் வராது." கையெழுத்து வைத்தபிறகு நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குத் தனியா ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கே சப்பாத்தைக் கழட்டியிருக்கலாம்."

நான் முதல் நாளே இறங்காததற்குக் காரணம் சப்பாத்து என்று அவருக்கு நான் சொல்லவே இல்லை. காலையில் மதிலில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார்.

நிசாம் அடுத்த நாள் தராசுக்குத் திரும்பி வந்தார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "இரவு திரும்பப் படத்தைப் பாக்கேக்கதான் கண்டனான்" என்றேன். பாருங்கள், மன்னிப்புக்குள்ளும் ஒரு பொய். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களால நான் திரும்ப வந்தன் அண்ணன்" என்றார். என்னால் அவர் போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாதமே அலுமினிய முக்காலியை ஓய்வுக்கு அனுப்பினேன். புதிது வாங்கக் கொம்பனி காசு தராது என்று தெரியும். நில அளவைக்காரர் பாவித்துக் கழித்த மரக்கால் முக்காலி ஒன்று பழைய சாமான் கடையில் கிடந்தது. தடித்த மரம், அடியில் இரும்புக் கூர், நடுத்தண்டு என்ற பேச்சே இல்லை. கடைக்காரர் அதை விறகு விலைக்குத் தந்தார். டவுனில் லேத் வைத்திருந்தவரிடம் கமெராத் தலை பூட்ட ஒரு பித்தளைத் தட்டுக் கடைந்து வாங்கினேன். மிச்சம் பிடித்த காசைத் தலையில் போட்டேன். கலியாண வீடியோக்காரர் ஒருத்தர் விற்ற, நீளக் கைப்பிடி வைத்த வீடியோத் தலை. எண்ணெய்ப் பசையோடு மெதுவாகத் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும், மூக்கு இறங்காது. பறக்கிற கொக்கை எடுக்கிறவர்களுக்கு ஊஞ்சல் மாதிரித் தொங்குகிற தலை நல்லது. கட்டி நிற்கிற கப்பலுக்கு அது தேவையில்லை. லென்ஸின் காலைத்தான் தலையில் பூட்ட வேண்டும், கமெராவை அல்ல. லென்ஸில் அசைவு தடுக்கும் விசை இருந்தால் அணைத்துவிட வேண்டும். கையால் அழுத்தாமல் இரண்டு செக்கன் தாமதத்தில் எடுக்க வேண்டும். மரக்கால் பாரம்தான், தோள் காய்த்துவிடும். ஆனால் விரலால் தட்டினால் இரண்டில் நிற்கும். செல்வராசா சேர் முதல்முறை தட்டியபோது, எண்ணத் தொடங்க முன்னமே நின்றுவிட்டது. இன்னொருமுறை தட்டிப் பார்த்தார்.

பிள்ளைகளே, விலை குறைந்த நல்ல முக்காலி இதுதான். இனி மிச்சக் கதை.

வாட்சப் கேள்வி வந்து இரண்டு நாள் நித்திரை இல்லாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் கிண்ணியாப் பாலம் தாண்டித் தோப்பூருக்கு பஸ் எடுத்தேன். இதை எழுதப்போகிறேன், எழுதமுன் அவரிடம் சொல்ல வேண்டும். நிசாமின் வீட்டுக்கு இப்போது கூரை இருக்கிறது, மேலே ஒரு அறையும் இருக்கிறது. தாடி நரைத்திருந்தது, சேட்டு அதே ஸ்திரியோடு. என்னைச் சாப்பிட வைத்தார். அவர் மனைவி சோறும் மாட்டிறைச்சியும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் கையை வைக்கவில்லை.

"நிசாம், ஒரு கதை சொல்ல வேணும். அண்டைக்குப் பின்னேரம், நீங்கள் பக்கத்தில இருக்கேக்கயே நான் பிழையைக் கண்டுட்டன். இரவு கண்டது எண்டு சொன்னது பொய். கண்டுபோட்டும் உங்களைப் போக விட்டனான்."

கிழவன் அழுவது வடிவில்லை என்று தெரியும். அழுதேன்.

நிசாம் தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"தெரியும் அண்ணன்."

"என்ன தெரியும்?"

"உங்கட கை மவுஸில நிண்டுட்டு. வேர்த்திச்சு. படம் எனக்கு விளங்கல்ல, உங்கட முகம் விளங்கிச்சு. என்னவோ பிழை கண்டுட்டீங்க எண்டு அப்பவே தெரியும்."

"அப்ப ஏனப்பா ஒண்டும் கேக்காமப் போனனீங்கள்? தராசு, குழி, கல்லு எண்டு கதைச்சனீங்கள்!"

அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"லொறி தராசில ஏறின உடனே எண் மேலயும் கீழயும் ஓடும் அண்ணன். ஓடக்குள்ள எழுதினாப் பிழை. நிக்கட்டும் எண்டு பாத்துக்கிட்டு இருக்கணும். நீங்களும் நிக்கட்டும் எண்டுதான் எழும்பிப் போயிட்டன்."

"நிக்காம விட்டிருந்தா?"

நிசாம் கறிக் கோப்பையை எடுத்து என் சோற்றில் இன்னொரு கரண்டி விட்டார்.

"சாப்பிடுங்க அண்ணன், ஆறுது."